காவிரித் தண்ணிக்கு எந்த ஃபில்டர்? ராமநாதபுரத்தில் ஒரு வீட்டு வேலை

ராமநாதபுரம் பக்கம் ஃபில்டர் வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால், வீட்டுக்குள் எத்தனை வகைத் தண்ணி வருகிறது, எது எந்தக் குழாயில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்கள் வீடு டவுனிலிருந்து தேவிபட்டினம் போகிற ரோட்டை ஒட்டிப் புதிதாகப் பிளாட் போட்ட பகுதியில் இருக்கிறது. வருவது மூன்று தண்ணி. தெருக்குழாயில் காவிரி, நாலைந்து நாளைக்கு ஒரு தடவை. ஆழ்துளைப் போரில் உப்புத் தண்ணி, எப்போது வேண்டுமானாலும். கோடையில் காவிரி தள்ளிப்போனால் லாரித் தண்ணி. இந்த மூன்றும் தரைக்கடியில் ஒரே தொட்டியில், அதாவது சம்ப்பில் விழுந்து, ஒரே மோட்டாரில் ஏறி, மொட்டை மாடியில் ஒரே டேங்கில் கலந்து நின்று, அடுப்படிக் குழாய்க்கும் கக்கூஸ் குழாய்க்கும் சேர்ந்தே இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் அப்படித்தான் போட்டிருந்தார், எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் இன்றைக்கும் அப்படித்தான்.

இந்தக் கலவைக்கு எந்த ஃபில்டர் நல்லது என்று கேட்டால் யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் திங்கள்கிழமை டேங்கில் நிற்கிற தண்ணி வேறு, வெள்ளிக்கிழமை நிற்கிற தண்ணி வேறு. போன ஐப்பசி மழையில் தெருப் பிள்ளைகளுக்கு வரிசையாக வயிற்றுப்போக்கு வந்தது, எங்கள் வீட்டுச் சின்னவளும் தப்பவில்லை, டிரிப்ஸ் ஏற்றித்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அதற்கப்புறம்தான் இந்தத் தண்ணி விஷயத்தை அடியிலிருந்து பார்த்துவிடுவது என்று இறங்கினேன். "பேசாம ஒரு ஆர்.ஓ.வ வாங்கி மாட்டு மாப்ள, எல்லாம் சரியாப் போகும்" என்றார் மச்சான், அவரே ஒரு கம்பெனியிலிருந்து ஆளையும் அனுப்பி வைத்தார். ஆர்.ஓ. என்பது தண்ணியை மெல்லிய சவ்வு வழியே அழுத்தித் தள்ளி உப்பை எடுக்கிற மிஷின்.

வந்த தம்பி ஒரு சின்னக் கருவியைப் பையிலிருந்து எடுத்தார். அதில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும், இரும்புக் கம்பி ஒரு ஜோடி, அலுமினியக் கம்பி ஒரு ஜோடி. ஒரு கண்ணாடி டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணி, இன்னொன்றில் அவர் கொண்டு வந்த ஆர்.ஓ. தண்ணி. இரண்டிலும் கம்பிகளை முக்கிக் கரண்டில் மாட்டினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் டம்ளரில் பச்சையும் பழுப்புமாகக் கசடு திரண்டு மேலே நுரை கட்டிவிட்டது, அவருடைய டம்ளர் அப்படியே தெளிவாக இருந்தது. "பாத்தீங்களா அண்ணே, இதத்தான் தினமும் குடிக்கிறீங்க" என்றார். வீட்டில் எல்லோருக்கும் முகம் வெளுத்துப் போனது. நான் அடுப்படியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அவருடைய ஆர்.ஓ. டம்ளரில் போட்டுக் கலக்கி, மறுபடி மாட்டச் சொன்னேன். அதுவும் அதே பழுப்பானது. அந்தக் கசடு தண்ணியில் இருந்த அழுக்கே இல்லை, கம்பியிலிருந்து கரைந்து வந்த இரும்பு. உப்புக் கரைந்த தண்ணியில் கரண்டு ஓடும், கரண்டு ஓடினால் இரும்புக் கம்பி கரையும், துருவாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணியில் உப்பு மிகக் குறைவு, கரண்டு ஓடாது, கம்பி கரையாது, அவ்வளவுதான் விஷயம். இந்தச் சோதனையைக் காட்டி யாராவது விற்க வந்தால் ஒரு சிட்டிகை உப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் பயந்து கிடக்கிற குடும்பத்தில் வந்து இதைச் செய்து காட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அதே தம்பி டி.டி.எஸ். மீட்டரும் வைத்திருந்தார், அது உருப்படியான கருவி, நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன். ஆனால் அது எதை அளக்கிறது என்பது முக்கியம். தண்ணியில் கரண்டு எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, அதை வைத்துக் கரைந்த உப்பின் அளவை, அதாவது டி.டி.எஸ்.ஸை, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுக் காட்டும். கிருமி அதில் தெரியாது, பூச்சிமருந்து தெரியாது, நைட்ரேட் தனியாகத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணிக்கும் 400 காட்டும், சுத்தமான காவிரிக்கும் 400 காட்டும். ஆனாலும் எந்தத் தண்ணி எங்கே வருகிறது என்று அடையாளம் காண இதைவிட மலிவான வழி கிடையாது. சம்ப்பில் விழுவதற்கு முன்னால் நேராகத் தெருக்குழாயில் பிடித்த காவிரி 400-க்குக் கொஞ்சம் கீழே. போர் 3,000-ஐத் தாண்டியது. லாரி ஒரு லோடு 700 காட்டும், இன்னொரு லோடு 1,600. மாடி டேங்க்? 900-லிருந்து 1,500 வரை, அன்றன்றைக்கு எது அதிகமாகக் கலந்ததோ அதைப் பொறுத்து. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. ஆக நல்ல காவிரியை நாமே வீட்டுக்குள் கொண்டுவந்து போர்த் தண்ணியில் கெடுத்துவிட்டு, கெட்டதைச் சரிசெய்ய ஒரு மிஷின் வாங்கப் பார்க்கிறோம். இது எனக்கு நெஞ்சில் தைத்தது. திருச்சிப் பக்கம் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை எல்லாம் தாண்டிக் குழாயில் கொண்டுவருகிற தண்ணி அது.

நம் மண்ணின் உப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரை மணலில் மழைத்தண்ணி இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேலே மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கும். கடல்நீரைவிட நல்ல தண்ணி எடை குறைவு, அதனால்தான் கடலுக்குப் பக்கத்திலேயே தனுஷ்கோடியில் கையால் மணலைத் தோண்டினால் ஊற்றில் நல்ல தண்ணி கிடைக்கிறது. வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கிறது, தண்ணி உப்புக் கரிக்காது. ஆனால் அந்த அடுக்கு மெல்லியது. கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணி நின்றால் கீழே நாற்பதடி வரை நல்ல தண்ணி இருக்கலாம், மேலே அரையடி இறங்கினால் கீழே உப்பு இருபதடி ஏறும். ஆழமாகப் போர் போட்டு மோட்டார் வைத்து இழுத்தால் உப்புத்தான் வரும், இன்னும் ஆழம் போனால் நல்ல தண்ணி வரும் என்று சொல்லித் துளையை இறக்குகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

சரி, மீட்டர் காட்டாததைப் பார்க்க லேப்தான் வழி. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் உண்டு, பணம் கட்டித் தனியாரும் தண்ணி கொடுத்துப் பார்க்கலாம். தண்ணி பிடிப்பதில் சில ஒழுங்கு இருக்கிறது, அதை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. உப்பு, கடினம், நைட்ரேட், ஃபுளோரைடு பார்க்கிற கேனை அதே தண்ணியில் நன்றாக அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். கிருமி பார்க்கிற பாட்டிலை அலசவே கூடாது, அது கிருமிநீக்கம் செய்த பாட்டில், உள்ளே குளோரினை முறிக்கிற மருந்தும் துளி இருக்கும், அலசினால் எல்லாம் போச்சு. குழாய் வாயை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, கொஞ்ச நேரம் தண்ணியை ஓடவிட்டு, மூடியின் உட்பக்கம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அன்றைக்கே கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். நான் மூன்று தண்ணியையும் தனித்தனியாகக் கொடுத்தேன். காவிரியை மட்டும் இரண்டு இடத்தில் பிடித்தேன், ஒன்று தெரு முனையில் பொதுக்குழாயில், இன்னொன்று எங்கள் வீட்டு வாசலில். இதுதான் கடைசியில் விஷயத்தை உடைத்தது.

முடிவு வந்ததும் தெளிவாகிவிட்டது. காவிரியில் உப்பு, கடினம், நைட்ரேட், ஃபுளோரைடு எல்லாம் ஏற்கத்தக்க அளவுக்குள். தெரு முனையில் கிருமி இல்லை. எங்கள் வாசலில் ஈ கோலி என்கிற குடல் கிருமி இருக்கிறது. தரநிலைப்படி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது, அது மலம் கலந்ததற்கு அடையாளம். போரில் குளோரைடு மட்டுமே 1,000 மில்லிகிராமுக்கு மேல், வேறு வழி இல்லாத இடத்துக்கே அதுதான் எல்லை, ஆகக் குடிக்க அதை மறந்துவிடலாம். லாரித் தண்ணியில் நைட்ரேட் 45-ஐ ஒட்டி நின்றது. நைட்ரேட்டுக்கு 45-க்கு மேல் தளர்வே கிடையாது. தோப்புக் கிணறுகளில் எடுக்கிற தண்ணி என்பதால் உரத்திலிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். அது கூடினால் பால்குடிப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறாமல் உடம்பு நீலம் பாய்ந்துவிடும். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணி வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். கைப்பிள்ளைக்கு லாரித் தண்ணியில் பால்மாவு கரைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெரு முனையில் நன்றாக இருக்கிற தண்ணி நூறடி தள்ளி எங்கள் வாசலில் எப்படிக் கெட்டது? குழிதான். எங்கள் பகுதியில் காவிரிக்கு அழுத்தம் குறைவு, தரைக்கு மேலே குழாய் வைத்தால் ஏறாது, அதனால் வாசலில் மூன்றடிக்குக் குழி வெட்டிக் குழாயை அதற்குள் இறக்கி வைத்துக் குடத்தை உள்ளே வைத்துத்தான் பிடிப்போம். மழையில் அந்தக் குழி நிறையும், பக்கத்தில் ஓடுகிற வாய்க்கால் தண்ணியும் ஊறி வரும். தண்ணி விடாத நாளில் குழாய் வாய் அந்த அழுக்குக்குள் மூழ்கிக் கிடக்கும். அதோடு நிற்கவில்லை. தண்ணி விடுகிற நேரத்தில் நாலு வீடு தள்ளி யாராவது லைனில் நேராக மோட்டார் போட்டால் எங்கள் குழாயில் தண்ணி நின்று, காற்றை உள்ளே உறிஞ்சும். உள்ளங்கையை வைத்தால் சப்பென்று இழுத்துப் பிடிக்கும். ஒரு டம்ளர் தண்ணியைக் குழாய் வாயில் தூக்கிப் பிடித்தேன், கண் முன்னாலேயே டம்ளர் வற்றியது. அந்த நேரத்தில் குழாய் வாய் எதற்குள் கிடக்கிறதோ, எந்த ஜாயிண்டில் கசிவு இருக்கிறதோ, அங்கே இருப்பதெல்லாம் லைனுக்குள் போகும், மோட்டார் போட்டவர் வீட்டுக்கும் சேர்த்தே போகும். நம் வீட்டுக்குத் தண்ணி வேண்டும் என்று போடுகிற மோட்டார்தான் தெருவுக்கே சாக்கடையை இழுத்துக் கொடுக்கிறது. இதை டம்ளரோடு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செய்து காட்டினேன், வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சில வீடுகளில் மோட்டாரைக் கழற்றினார்கள், சில வீடுகளில் இன்னும் ஓடுகிறது.

அதனால் ஃபில்டருக்கு முன்னால் பைப் வேலை. கீழக்கரைக்காரர் ஒருவர் எங்களுக்கு ரொம்ப நாளாக பிளம்பிங் பார்க்கிறார், காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம். நான் நினைத்திருந்தது குழியை மூடிவிட்டு, அந்த இடத்தில் காவிரிக்கென்று தனியாக ஐந்நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்து, அழுத்தம் இல்லாமலே தண்ணி தானாக அதற்குள் விழும்படி செய்வது. "புதைக்கிறது பெரிசில்ல தம்பி, கார்த்திகையில ஊத்துத் தண்ணி மேல வந்தா காலித் தொட்டி மண்ணப் பொளந்துட்டு மெதந்துரும்" என்றார் காக்கா. ஆகத் தொட்டிக்கு அடியில் கான்கிரீட் போட்டு, தொட்டியின் தோளுக்கு மேலே இரும்புப் பட்டை கொடுத்து அதோடு பிணைத்து, சுற்றிலும் மணலைத் தண்ணி விட்டு இறுக்கினோம். வாயைத் தரைக்கு மேலே ஒன்றரை அடி உயர்த்திக் கட்டி, மூடிக்கு ரப்பர் வளையம் போட்டோம், தெருவில் முழங்கால் தண்ணி நின்றாலும் உள்ளே போகாது.

உள்ளே வருகிற பைப்பில் முதலில் கேட் வால்வு, அடுத்து தண்ணியைத் திரும்ப விடாத என்.ஆர்.வி. வால்வு, அப்புறம் மிதவை வால்வு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பைப்பின் வாய் தொட்டி நிறைந்து நிற்கிற மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருக்க வேண்டும். வால்வு எது பழுதானாலும் நடுவில் காற்று இருப்பதால் தொட்டித் தண்ணி லைனுக்குள் திரும்பாது. இதற்காகவே தொட்டியைச் சொன்ன ஆழத்தைவிட இன்னும் இறக்க வேண்டியிருந்தது, காக்கா முணுமுணுத்தாலும் செய்து கொடுத்தார். கேட் வால்வுக்கு முன்னால் ஒரு டீ ஜாயிண்ட் வைத்துக் கழிவுக்குழாயும் விட்டோம், தண்ணி விட்டதும் வருகிற கலங்கலை முதலில் அதில் வெளியேற்றிவிட்டு, தெளிந்த பிறகுதான் தொட்டிக்குத் திறப்பது. அந்தத் தண்ணி முருங்கைக்குப் போகிறது. தொட்டியிலிருந்து அரை எச்.பி. மோட்டார், அடுப்படிக்கு மேலே முந்நூறு லிட்டர் தனி டேங்க், அங்கிருந்து அடுப்படிக்கு மட்டும் ஒரே ஒரு குழாய். போரும் லாரியும் பழைய சம்ப்பிலேயே இருக்கட்டும், குளிக்க, துவைக்க, கக்கூஸுக்கு. இரண்டு லைனும் எங்கேயும் ஒட்டாது, நடுவில் வால்வு போட்டு இணைத்து வைத்தால் தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம் என்று வீட்டில் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. வால்வு இருந்தால் ஒருநாள் யாராவது திறப்பார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஃபில்டர் தேர்வு சுலபமாகிவிட்டது. அடுப்படிக்கு வருவது 400-க்குள் இருக்கிற காவிரி மட்டும்தான், அதில் எடுக்க வேண்டியது கலங்கல், துரு, கிருமி. உப்பை எடுக்கத் தேவையே இல்லை, ஆர்.ஓ. செய்கிற முக்கியமான வேலையே அதுதான். வீட்டு ஆர்.ஓ.வில் பொதுவாக உள்ளே போகிற தண்ணியில் மூன்றிலோ நாலிலோ ஒரு பங்குதான் குடிக்க வரும், மீதி கழிவு. நாங்கள் குடிக்கவும் சமைக்கவும் இருபது லிட்டர் எடுக்க நாற்பதிலிருந்து அறுபது லிட்டர் காவிரியைக் கொட்ட வேண்டும். பொம்பளைகள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் தள்ளி வருகிற மாவட்டத்தில் இதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் கரைந்த உப்பு 500-க்குக் கீழே இருக்கிற இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கடைகளில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆகப் போட்டது இதுதான். பத்து அங்குல ஹவுசிங் (ஃபில்டர் உருளையை உள்ளே வைக்கிற கூடு) இரண்டு, முதலாவதில் ஐந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஸ்பன் கேண்டில், மண்ணையும் துருவையும் பிடிக்க. இரண்டாவதில் கார்பன், வாடையையும் குளோரினையும் எடுக்க. கடைசியில் யு.எஃப். மெம்பிரேன். இது நூல் நூலாக உள்ளே ஓட்டை உள்ள இழைகளின் கட்டு, இழையின் துளைகள் 0.01 மைக்ரான் அளவுக்கு நுண்மையானவை, பாக்டீரியா அதைவிடப் பல மடங்கு பெரியது, தாண்ட முடியாது. உப்பு தாண்டி வந்துவிடும், நமக்குப் பரவாயில்லை. இந்த வரிசையை மாற்றக் கூடாது, கார்பனைத் தாண்டிய தண்ணியில் குளோரின் இருக்காது, கார்பனுக்குள்ளேயே கிருமி வளர இடம் உண்டு, அதனால் யு.எஃப். அதற்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். கரண்டும் வேண்டாம். பத்தடி உயரத்தில் நிற்கிற டேங்க் ஏறத்தாழ 4.3 பி.எஸ்.ஐ. அழுத்தம் கொடுக்கும், ஆர்.ஓ. என்றால் ஐம்பது அறுபது பி.எஸ்.ஐ. கேட்கும், பம்ப் இல்லாமல் சொட்டுக்கூட வராது, யு.எஃப். இந்த அழுத்தத்திலேயே மெதுவாக ஓடும். எங்களுக்கு ஒரு குடம் நிறையக் கொஞ்ச நேரம் ஆகத்தான் செய்கிறது, ராத்திரி வைத்துவிட்டுப் படுத்தால் போதும், புயல் அடித்து ரெண்டு நாள் கரண்டு போனாலும் டேங்கில் தண்ணி இருக்கும்வரை ஃபில்டர் நிற்காது. புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்கிற யு.வி. விளக்கு போடலாமே என்று கேட்டார்கள். அது நல்லதுதான், ஆனால் தண்ணி கண்ணாடியாகத் தெளிந்திருக்க வேண்டும், கரண்டும் வேண்டும்.

அப்பத்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு "நாங்க ஊருணித் தண்ணியத் தேத்தாங்கொட்டைய ஒரசி ஊத்தித் தெளிய வச்சுத்தானே குடிச்சோம்" என்றது. தேத்தாங்கொட்டை உண்மையிலேயே வேலை செய்கிற பொருள், பானையின் உள்பக்கம் உரசிவிட்டால் கலங்கலைச் சேர்த்து இழுத்து அடியில் படிய வைத்துவிடும். ஆனால் தெளிவது வேறு, கிருமி சாவது வேறு, கிருமி சாக அதற்கப்புறம் காய்ச்சத்தான் வேண்டும், இல்லாவிட்டால் குளோரினாவது போட வேண்டும். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தாலே போதும். அந்தக் காலத்தில் ஊருணிக்கரையில் ஆடு மாடு ஏற விடாமல் காவல் போட்டிருந்தார்கள் என்பதையும் அப்பத்தாவே சொன்னது. ஃபில்டரைவிட அதுதான் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குளோரினுக்கு வருகிறேன். குடிநீரில் கடைசி வீட்டுக் குழாய் வரை குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு சின்னக் குப்பியில் தண்ணி எடுத்து ஆர்த்தோ டோலிடின் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும், மஞ்சளின் அழுத்தத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவு பார்க்கலாம். எங்கள் வாசலில் பிடித்ததில் நிறமே வரவில்லை. அதனால் தொட்டி நிறைந்ததும் நானே போடுகிறேன். புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும், ஆயிரம் லிட்டருக்கு மூன்று கிராம் போட்டால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கிடைக்கும், எங்கள் ஐந்நூறு லிட்டருக்கு ஒன்றரை கிராம். கண் திட்டத்தில் போடாமல் சின்னத் தராசில் நிறுத்து, ஒரு வாளித் தண்ணியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுகிறேன். அரை மணி நேரம் கழித்துச் சொட்டு விட்டுப் பார்த்து, 0.2-க்கும் 0.5-க்கும் நடுவில் நின்றால் மோட்டார் போடுவேன், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம். பவுடர் பாக்கெட்டைப் பிரித்த பிறகு நம் கடற்காற்றில் வீரியம் சீக்கிரம் போய்விடும், இறுக மூடுகிற டப்பாவில் வைத்து, பழசானால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கக்கூஸ் கழுவக் கடையில் தூசி படிந்து கிடப்பதைக் குடிதண்ணிக்கு வாங்காதீர்கள்.

வேலை முடிந்து கிருமி பார்க்கிற சின்னப் பாட்டில் வாங்கி வந்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி என்று கேட்டால் கிடைக்கும். கோடு வரை தண்ணி ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கிருமி இருந்தால் தண்ணி கறுக்கும். மூன்று பாட்டில் வரிசையாக ஜன்னலில் வைத்தோம், பக்கத்து வீட்டு வாசல் குழியில் பிடித்தது, எங்கள் தொட்டியில் பிடித்தது, ஃபில்டரைத் தாண்டிப் பிடித்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் குழித் தண்ணி மையைக் கொட்டினதுபோலக் கறுத்துவிட்டது, மற்ற இரண்டும் கடைசி வரை நிறம் மாறவில்லை. அந்தக் கறுத்த பாட்டிலைத் தெருவில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆயிரம் சொன்னாலும் நடக்காதது அந்த ஒரு பாட்டிலில் நடந்தது, எங்கள் வரிசையில் மூன்று வீட்டில் குழியை மூடக் காக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள். லேபிலும் மறுபடி கொடுத்துப் பார்த்தேன், ஈ கோலி இல்லை.

ஆர்.ஓ.வே கூடாது என்று நான் சொல்லவில்லை. மதனி வீடு கடலை ஒட்டி இருக்கிறது, அங்கே காவிரி எட்டிப் பார்ப்பதே அபூர்வம், கிணறு 1,500 காட்டுகிறது, அங்கே ஆர்.ஓ.வை விட்டால் வழியில்லை. அவர்களுக்கு வாங்கும்போது பார்த்த விஷயங்களைச் சொல்கிறேன். வீட்டு மிஷின்கள் பெரும்பாலும் 2,000 டி.டி.எஸ். வரைக்கும்தான், அதற்கு மேலே உள்ள போர்த் தண்ணியை விட்டால் மெம்பிரேன் சீக்கிரமே உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும், ருசிக்காக அதைத் திறப்பார்கள், அது உப்பை உண்டாக்குவதில்லை, ஆர்.ஓ.வைத் தாண்டாத பழைய தண்ணியைத்தான் கொஞ்சம் கலந்துவிடுகிறது, நைட்ரேட் இருந்தால் அதுவும் கலந்து வரும். மதனி வீட்டில் அதை முழுக்க மூடச் சொல்லிவிட்டேன். கழிவுத் தண்ணியின் உப்பும் கணக்குப் போடலாம். 1,500 தண்ணியில் மூன்றில் ஒரு பங்கை 100-ஆக எடுத்தால் மீதி 2,200-ஆக நிற்கும். கக்கூஸுக்கும் தரை துடைக்கவும் ஆகும், செடிக்குத் தொடர்ந்து விட்டால் மண் உவர் பூத்துவிடும்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. ஸ்பன் கேண்டில் பழுப்பேறிக் குடம் நிறைய நேரம் கூடினால் மாற்றிவிட வேண்டும், மழைக்காலத்தில் சீக்கிரம் வரும், அது விலை குறைந்த சாமான், மிச்சம் பார்க்க வேண்டாம். கார்பனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நன்றாக இருக்கிறதுபோலத் தெரிந்தாலும் மாற்றுகிறேன், ஏனென்றால் அது தீர்ந்துபோனது கண்ணுக்குத் தெரியாது. யு.எஃப். இழைக்குக் கழிவு வால்வு உண்டு, வாரத்துக்கு ஒருமுறை திறந்து விட்டால் சேர்ந்த அழுக்கு வெளியேறும். மாற்றிய தேதியை ஹவுசிங்கிலேயே பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். ஹவுசிங்கின் ரப்பர் வளையத்தை மாற்றும்போது கவனியுங்கள், ஒரு மயிர் ஒட்டியிருந்தாலும் கசியும்.

அடுத்த வேலை மழைத்தண்ணி. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர், நூறு மில்லிமீட்டருக்கு வீணாவது போக ஏழாயிரம் லிட்டருக்கு மேல் தேறும். எங்களுக்குக் குடிக்கச் சமைக்க நாளைக்கு இருபது லிட்டர் என்றால் அது ஏறத்தாழ ஒரு வருஷத்துக்குக் காணும், நம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் அந்த நூறு மில்லிமீட்டர் பொதுவாகத் தவறாது. முதல் மழையை வெளியேற்ற வால்வு, மணல் கூடை, கொசு நுழையாத வலை, மாடியில் ஐயாயிரம் லிட்டர் கறுப்பு டேங்குக்குத் தாங்குமா என்று கொத்தனார் பார்த்துச் சொல்ல வேண்டும், தாங்காது என்றால் தரையில் வைப்பது என்று இருக்கிறோம். ஆவணிக்குள் பைப்பை இறக்கிவிட்டால் இந்த மழைக்கே பிடித்துவிடலாம், காக்காவிடம் சொல்லி வைத்தாயிற்று.